வெக்கை மண்ணில் ஹாலி: சில குறிப்புகள்

அமெரிக்க வேளாண் துறை 2023இல் வெளியிட்ட குளிர் மண்டல வரைபடத்தில் சியாட்டிலின் பெரும்பகுதியும் ஹூஸ்டனும் ஒன்பதாம் மண்டலத்தில்தான் வருகின்றன. அந்த எண்ணை மட்டும் பார்த்துச் செடி வாங்குகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். வரைபடம் சொல்வது ஒரே ஒரு தகவல்: ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவில் வெப்பம் சராசரியாக எவ்வளவு இறங்கும் என்பது. கோடையைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. சியாட்டில் பக்கம் இங்கிலீஷ் ஹாலி தோட்டத்தைத் தாண்டிக் காட்டுக்குள் களையாகப் பரவிக்கிடக்கிறது. ஹூஸ்டன் கோடையில் அதே செடி மெலிந்து, இலையை உதிர்த்து, வளர்ச்சி நின்று போகிறது.

பகல் வெயிலை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. இரவைப் பார்க்க வேண்டும். பகலில் இலை சேர்த்து வைத்த மாவுச்சத்தை இரவில் செடி மூச்சுவிட்டே செலவழிக்கிறது. இரவு சூடாக இருந்தால் செலவு கூடும். மெக்சிகோ வளைகுடாக் கரையில் ஜூலை, ஆகஸ்ட் இரவுகள் சராசரியாக 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவதில்லை. குளிர்ந்த இரவுக்குப் பழகிய செடிக்கு இங்கே வரவுக்கும் செலவுக்கும் கட்டுப்படியாகாது. கூடவே ஈரக்காற்று, இலையும் வேரும் காய நேரமே கிடைக்காமல் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும்.

1997இல் அமெரிக்கத் தோட்டக்கலைச் சங்கம் இதற்கென்று தனியாக ஒரு வெப்ப வரைபடம் போட்டது. ஆண்டில் எத்தனை நாள் 30 டிகிரியைத் தாண்டுகிறது என்று எண்ணி, நாட்டைப் பன்னிரண்டு பகுதிகளாகப் பிரித்தது. மிக நல்ல வேலை. நர்சரிச் சீட்டுகளில் அந்த எண்ணையும் அச்சிட்டால் எத்தனையோ செடிகள் பிழைக்கும்.

*

ஹாலி என்றதும் பனி மூடிய இங்கிலாந்துக் கிராமமும் வாழ்த்து அட்டையும் நினைவுக்கு வருவது பழக்கத்தால். ஐலெக்ஸ் என்ற இந்தப் பேரினத்தில் ஐநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வெப்பமண்டலத்தையும் அதை ஒட்டிய நாடுகளையும் சேர்ந்தவை. தென்னமெரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் குவிந்து கிடக்கின்றன. அர்ஜென்டினாக்காரர்கள் குடுவையில் உறிஞ்சிக் குடிக்கும் மாத்தே ஒரு ஹாலியின் இலைதான். நீலகிரி, பழனிமலைச் சோலைகளில் ஐலெக்ஸ் வைட்டியானா பெரிய மரமாக நிற்கிறது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் பெயர் அதற்கு. இலங்கை மலைக்காடுகளில் ஐலெக்ஸ் வாக்கெரி இருக்கிறது. ஆகவே வெக்கைக்கும் ஹாலிக்கும் ஆகாது என்று சொல்வது சரியில்லை. அட்டையில் அச்சாகும் அந்த ஓர் இனத்துக்குத்தான் ஆகாது. எந்த ஹாலி எந்த மண்ணில் பிறந்தது என்று விசாரித்து நட வேண்டும். இந்தக் குறிப்புகள் முழுவதும் நான் சொல்ல வருவது இதைத்தான்.

*

வளைகுடாக் கரைக்கு ஒரே ஒரு ஹாலியைச் சொல்லச் சொன்னால் யோப்பான் என்பேன். யோசிக்கவே மாட்டேன்.

வர்ஜீனியாவிலிருந்து ஃபுளோரிடா வரைக்கும், மேற்கே டெக்சஸ், ஓக்லஹோமா வரைக்கும் இது இந்த மண்ணின் செடி. ஹூஸ்டனுக்கு வடக்கே பைன் காடுகளில் மரங்களுக்குக் கீழே புதராக அடர்ந்து நிற்பது பெரும்பாலும் இதுதான். கடற்கரையில் உப்புக்காற்று நேராக முகத்தில் அடிக்கும் இடத்திலும் வளர்கிறது. தண்ணீர் தேங்கும் பள்ளம், வெடிப்பு விடும் களிமண், வறண்ட மணல், நிழல், முழு வெயில் எல்லாம் அதற்குச் சம்மதம். இலை சிறியது, விளிம்பில் மெல்லிய பற்கள் உண்டு, முள் கிடையாது. விட்டால் மூன்று முதல் எட்டு மீட்டர் வரை உயரும். சாம்பல் நிறத் தண்டுகள் பலவாகக் கிளம்பி, வளைந்து வளைந்து மேலே போகும்.

2021 பிப்ரவரியில் டெக்சஸை முடக்கிய உறைபனியில் ஹூஸ்டன் விமான நிலையத்தில் மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே இறங்கியது. காகிதப்பூக்கொடிகளும் எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களும் தெருத்தெருவாகக் கருகின. யோப்பான் ஒன்றும் நடக்காததுபோல நின்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் வெயிலையும் அப்படியே தாங்கியது. இரண்டு முனையையும் பார்த்துப் பழகிய செடி அது.

புயலுக்கும் அப்படித்தான். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தார் பல சூறாவளிகளுக்குப் பிறகு விழுந்த மரங்களையும் நின்ற மரங்களையும் கணக்கெடுத்தார்கள். காற்றை மிக நன்றாகத் தாங்கும் வகையில் அவர்கள் சேர்த்தவற்றில் யோப்பானும் டஹூன் ஹாலியும் அமெரிக்கன் ஹாலியும் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஜூன் முதல் நவம்பர் வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊரில் இது சிறிய சங்கதி இல்லை.

*

யோப்பான் இலையில் காஃபின் உண்டு. வட அமெரிக்காவின் சொந்தச் செடிகளில் காஃபின் உள்ளவை இதுவும் இதன் நெருங்கிய உறவுகளும்தான். ஐரோப்பியர் வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே தென்கிழக்கின் பழங்குடிகள் இலையை வறுத்துக் கொதிக்கவைத்துக் கருப்பாக இறக்கிக் குடித்தார்கள். 1528இல் டெக்சஸ் கரையில் கப்பல் உடைந்து ஒதுங்கிய கபேசா டி வாகா, அந்த மக்களிடையே பல ஆண்டுகள் வாழ்ந்தார். பின்னால் 1542இல் அச்சான தன் நூலில் இந்தப் பானத்தை விவரிக்கிறார்: இலையைப் பானையில் வறுப்பது, நீரூற்றிக் கொதிக்கவைப்பது, நுரை பொங்கும் வரை கலக்குவது, தாங்கும் சூட்டில் குடிப்பது. செய்முறை அவ்வளவு துல்லியம். இன்றைக்கு அடுப்படியில் வைத்துச் செய்துபார்க்கலாம்.

இன்றைய செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு எதிரே கஹோக்கியா என்று ஒரு பழைய பெருநகரம் இருந்தது. அங்கே கிடைத்த மண்குவளைகளின் உட்புறப் படிவைச் சோதித்தபோது ஹாலிப் பானத்தின் தடயம் கிடைத்தது என்று 2012இல் ஓர் ஆய்வு வெளியானது. குவளைகளின் காலம் ஏறத்தாழ கி.பி. 1050 முதல் 1250 வரை. யோப்பான் அங்கே இயற்கையாக விளைவதில்லை. தெற்கிலிருந்து பல நூறு மைல் சுமந்து போயிருக்க வேண்டும். தெருவோரத்தில் வேலியாக வெட்டி நிறுத்தியிருக்கிற இந்தச் செடிக்காக ஒரு காலத்தில் வணிகப் பாதையே இருந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு அதன்மேல் மதிப்பு கூடுகிறது.

1789இல் வில்லியம் எய்ட்டன் அதற்கு வாமிட்டோரியா என்று தாவரவியல் பெயர் வைத்தார். சடங்குகளில் பழங்குடியினர் குடித்துவிட்டு வாந்தியெடுத்ததாக வந்த செய்திகளை வைத்துச் சூட்டிய பெயர். இலைக்கு அந்தக் குணம் இல்லை. வறுத்த இலைச் சாறு துவர்ப்புக் குறைந்தது, மிருதுவானது. நான் பால் சேர்ப்பதில்லை.

இலைக்குச் சொன்னது காய்க்குப் பொருந்தாது. சிவப்புக் காய்கள் எந்த ஹாலியிலும் மனிதர்களுக்கு ஆகாது. வயிற்றைப் புரட்டி வாந்தி, பேதி வரும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் வாசற்படியோரம் காய்க்கும் செடியை வைக்க வேண்டாம். இலையைப் பறிப்பவர்களும் செடியை நிச்சயமாக அடையாளம் தெரிந்த பிறகுதான் தொட வேண்டும். வேலிகளில் சைனீஸ் பிரைவெட் அதே மாதிரி சிறிய இலையுடன் நிற்கும், அது நஞ்சு. ஹாலியின் இலைகள் தண்டில் மாற்றி மாற்றி அமைந்திருக்கும். பிரைவெட்டில் இலைகள் எதிரெதிராக ஜோடியாக இருக்கும்.

*

ஹாலியில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு, பனையைப்போல. காய் பெண்ணில்தான். வசந்தத்தில் இலைக்கக்கத்தில் சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்கள் வரும். கையில் பூக்கண்ணாடி இருந்தால் உடனே தெரிந்துவிடும்: நடுவில் பச்சையாகக் குண்டு சூலகம் இருந்தால் பெண், மஞ்சள் தூளுடன் நான்கு கேசரங்கள் நீட்டிக்கொண்டிருந்தால் ஆண். மகரந்தத்தைத் தேனீக்கள் சுமக்கும்.

காய்க்காத ஹாலியைப் பற்றி வருகிற புகார்களில் பாதி இதில் முடிந்துவிடும். குட்டை யோப்பானில் மிகவும் விற்பனையாகும் ஷில்லிங்ஸ் ஓர் ஆண் வகை. ஒடுங்கிக் கம்பமாக உயரும் வில் ஃபிளமிங்கும் ஆண்தான். உரம் எவ்வளவு போட்டாலும் அவை காய்க்கப் போவதில்லை. காய் வேண்டுமென்றால் பிரைட் ஆஃப் ஹூஸ்டன் மாதிரி பெண் வகையாகக் கேட்டு வாங்க வேண்டும். டிசம்பரில் நர்சரிக்குப் போனால் கேட்கவே வேண்டாம். காய்த்து நிற்பது கண்ணுக்குத் தெரியும். காட்டு யோப்பான் அக்கம்பக்கத்தில் ஏராளமாக உள்ள இடங்களில் ஆண் செடி தனியாக வாங்க வேண்டிய தேவையும் இருக்காது.

*

கிறிஸ்துமஸ் நெருங்கினால் தெரிந்தவர்களிடமிருந்து கேள்வி வந்துவிடும். ஹூஸ்டனில் இருக்கிற நாகர்கோவில் அக்கா ஒருவர் கூப்பிட்டார்.

“தம்பி, முள்ளு இலையும் செவப்புக் காயுமா இருக்குமே, அந்தச் செடி இங்க வருமா? வாசக்கதவுல வளையம் கட்டணும்.”

“வரும் அக்கா. நெல்லி ஸ்டீவன்ஸ்னு கேட்டு வாங்குங்க. காய்தான் முக்கியம்னா யோப்பானே போதும், முள்ளு இருக்காது.”

“முள்ளு இல்லாம என்னப்பா ஹாலி?”

நியாயமான கேள்விதான். ஆனால் முள் ஹாலியின் இலக்கணம் இல்லை. இங்கிலீஷ் ஹாலியிலேயே உயரக் கிளைகளில் விளிம்பு மழமழவென்று இருக்கும் இலைகளைப் பார்க்கலாம். மான், ஆடு மேய்ந்த கிளைகளில் அடுத்து வரும் இலைகளுக்கு முள் கூடுகிறது என்று ஸ்பெயினில் ஆய்ந்து சொல்லியிருக்கிறார்கள். மேய்ச்சலுக்கு எட்டாத உயரத்தில் மரம் அந்தச் செலவைக் குறைத்துக்கொள்கிறது.

அக்காவுக்குச் சொன்ன நெல்லி ஸ்டீவன்ஸ் கதை எனக்குப் பிடித்தது. 1900இல் மேரிலாந்தைச் சேர்ந்த நெல்லி ஸ்டீவன்ஸ் என்ற பெண், வாஷிங்டனில் உள்ள அரசுத் தாவரவியல் தோட்டத்திலிருந்து சில ஹாலிக் காய்களைக் கொண்டுவந்து வீட்டில் விதைத்தார். முளைத்த செடிகளில் ஒன்று சீன ஹாலிக்கும் இங்கிலீஷ் ஹாலிக்கும் பிறந்த கலப்பு. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1954இல்தான் அதற்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அட்டைப்பட ஹாலியின் பளபளப்பு ஒரு பக்கத்திலிருந்து, வெப்பம் தாங்கும் உடம்பு மறு பக்கத்திலிருந்து. ஐந்து முதல் எட்டு மீட்டர் வரை கோபுரமாக உயரும். பக்கத்தில் ஆண் செடி இல்லாமலும் காய்க்கும். இவ்வளவு பெரிதாக வளர்வதால், கார் நிற்கும் இடத்துக்கு மறைப்பாக இரண்டடி தள்ளி நட வேண்டாம். அதன் அகலத்துக்கு இடம் விட்டு நட வேண்டும்.

*

பர்ஃபோர்டு சீன ஹாலியின் ஒரு வகை. அட்லாண்டாவின் வெஸ்ட்வியூ கல்லறைத் தோட்டத்தில் தனித்துத் தெரிந்த செடியிலிருந்து பரவியது; அதைக் கவனித்துப் பெருக்கிய தோட்டக் கண்காணிப்பாளரின் பெயரையே கொண்டிருக்கிறது. இலை நுனியில் ஒரே ஒரு முள். மகரந்தச் சேர்க்கை இல்லாமலே கொத்துக்கொத்தாகக் காய்க்கும். வெயில், வறட்சி எதற்கும் அசையாது. இதன் ஒரே பலவீனம் தேயிலைச் செதில் பூச்சி.

மேலிருந்து பார்த்தால் இலையில் மஞ்சள் புள்ளிகள் மட்டும் தெரியும். சத்துக்குறைவு என்று நினைத்து உரம் போடத் தோன்றும். இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடிப்புறத்தில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாகவும் நடுநடுவே பழுப்புச் செதில்களுமாக இருந்தால் அதுதான். சுவரோரமாக, நெருக்கி நட்டு, காற்று புகாத செடிகளில்தான் அதிகம் வரும். முதல் வேலை உள்கிளைகளைக் கவாத்துச் செய்து காற்றை விடுவது. அடுத்தது தோட்ட எண்ணெய்க் கரைசலை இலையின் அடிப்புறம் நனையத் தெளிப்பது. 32 டிகிரிக்கு மேல் வெயில் போகும் நாளில் தெளித்தால் இலை வெந்துவிடும், ஆகவே இங்கே அதற்கு ஏற்றது வசந்தத்தின் தொடக்கமும் பின் இலையுதிர் காலமும். செத்த பூச்சியின் செதில் இலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். புதுத் தளிர் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் மருந்து வேலை செய்ததா என்று முடிவு செய்ய வேண்டும்.

*

ஜப்பானிய ஹாலியை வளைகுடாக் கரையில் நட வேண்டாம். பென்சில் மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கும் அதன் வகையைக் கடைகளில் அழகாக அடுக்கி வைத்திருப்பார்கள். கருவேரழுகலும் நூற்புழுவும் சேர்ந்து அதன் வேரைத் தின்றுவிடும். அதே உருவம் வேண்டுமானால் வில் ஃபிளமிங் யோப்பானை வாங்கலாம். இந்த மண்ணின் பிள்ளை.

*

ஃபுளோரிடாவில் 1926இல் ஈஸ்ட் பலாட்கா என்ற ஊர்ப் பக்கம் ஒரு மரத்தைக் கண்டெடுத்தார்கள். டஹூனும் அமெரிக்கன் ஹாலியும் இயற்கையாகக் கலந்து பிறந்தது. ஊரின் பெயரே மரத்துக்கும் ஆயிற்று. தெரு மரமாக, நிமிர்ந்து, காய்கள் மண்டி நிற்கும்போது கண்ணை எடுக்க முடியாது. ஆனால் கிளை நுனிகளில் முடிச்சு விழுந்து துடைப்பம்போலக் குச்சிகள் மண்டும் ஒரு பூஞ்சை நோய் இதற்கு அடிக்கடி வருகிறது. முடிச்சுக்கு அரையடி கீழே, நல்ல கட்டையில் வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்திரியை ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். வெட்டியதைக் குப்பைக்குழியில் போடாமல் அப்புறப்படுத்த வேண்டும். நோயை மரத்துக்கு மரம் கொண்டுபோவது பெரும்பாலும் நம் கத்திரிதான்.

*

நடவு: அக்டோபர், நவம்பர். வடக்கத்திப் புத்தகங்கள் வசந்தத்தில் நடச் சொல்லும். அது அவர்கள் ஊருக்கு. இங்கே மண் குளிர்காலத்திலும் உறைவதில்லை, வேர் ஓடிக்கொண்டே இருக்கும். அக்டோபரில் நட்ட செடிக்கு முதல் கோடை வருவதற்குள் ஏழெட்டு மாத வேர் இருக்கும். ஏப்ரலில் நட்டதற்கு அது கிடையாது.

ஹூஸ்டன் களிமண்ணில் ஆழக் குழி வெட்டினால் அது கிணறாகிவிடும். மழைநீர் வடியாமல் தேங்கி வேர் அழுகும். குழி அகலமாக இருக்கட்டும், ஆழம் தொட்டி மண்கட்டியின் உயரத்துக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கட்டும். செடி தரைமட்டத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும். தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி ஓடிய வேர்களை வெட்டிப் பிரித்துவிட வேண்டும். பைன் பட்டை அல்லது பைன் ஊசியிலை மூடாக்கு நல்லது. ஆனால் தண்டைத் தொடாமல். கடைவீதிகளில் தண்டைச் சுற்றி எரிமலை மாதிரி மூடாக்கைக் குவித்து வைத்திருக்கிறார்கள். தண்டுப்பட்டை அந்த ஈரத்தில் அழுகுகிறது. பார்க்கும்போதெல்லாம் கையால் விலக்கிவிடத் தோன்றுகிறது, சில இடங்களில் விலக்கியும் விடுகிறேன்.

அமில மண்ணைத்தான் ஹாலி விரும்பும். புதுவீட்டுச் சுவரோரத்தில் சிமெண்டுக் கழிவு புதைந்திருந்தால் மண் காரமாகிவிடும். நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும் புது இலை வந்தால் இரும்புச் சத்தை வேரால் எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். கீலேட்டு வடிவ இரும்பு அப்போதைக்கு உதவும். கந்தகத்தூள் மெல்ல மண்ணை மாற்றும். யோப்பான் இதையும் மற்றவற்றைவிட நன்றாகப் பொறுத்துக்கொள்கிறது.

*

வாகன நிறுத்தங்களில் குட்டை யோப்பானை மாதாமாதம் இயந்திரத்தால் பந்து பந்தாகச் சிரைக்கிறார்கள். யோப்பானும் பர்ஃபோர்டும் பூப்பது போன ஆண்டுக் குச்சியில். அதைச் சிரைத்தால் பூவும் இல்லை, காயும் இல்லை. மேல்தோலில் மட்டும் இலை அடர்ந்து, உள்ளே வெளிச்சம் புகாமல் வெறும் விறகாகிவிடும். குட்டை வகை தானாகவே ஒரு மீட்டர் சொச்சத்தில் உருண்டையாக நின்றுகொள்ளும். அதை ஏன் துன்புறுத்த வேண்டும்? உயர வகையில் கீழ்க்கிளைகளை மட்டும் கழித்து, தண்டுகளின் வளைவு தெரியும்படி விட்டால் அதைவிட அழகான சிறு மரம் இந்தக் கரையில் இல்லை.

குளிர்காலக் கடைசியில் சீடர் வாக்ஸ்விங் பறவைகள் கூட்டமாக இறங்கி ஒரே நாளில் மொத்தக் காயையும் தின்று தீர்க்கும். சிரைத்த பந்துகளில் அவற்றுக்கு ஒன்றும் இருக்காது.

*

இலையுதிர்க்கும் ஹாலியும் உண்டு: பாசம்ஹா. டிசம்பரில் இலையெல்லாம் கொட்டி, சாம்பல் குச்சிகளில் காய்கள் மட்டும் எரியும். யோப்பான் இருண்ட பச்சையாகப் பின்னால் நிற்க, முன்னால் இதை நட வேண்டும்.

தெற்கு ஜார்ஜியா, வடக்கு ஃபுளோரிடாவின் சதுப்புக் காடுகளில் கால்பெரி என்ற கருங்காய் ஹாலி பூக்கும்போது தேன்கூடுகளைக் கொண்டுபோய் இறக்குகிறார்கள். அந்தத் தேன் எளிதில் உறைவதில்லை. ஈரமான அமில மண் இருந்தால் மட்டும் இதை நடலாம்.

*

சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கேட்பவர்களுக்கு: அங்கே சிங்கப்பூர் ஹாலி என்று விற்பது ஹாலி இல்லை. மால்பீகியா என்ற வேறு குடும்பம், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தது. சின்ன முள் இலை, இளஞ்சிவப்புப் பூ, சிவப்புக் காய். போன்சாய்க்கும் குட்டை வேலிக்கும் அருமையானது. சமவெளி வெயிலில் முள் இலை அழகுதான் வேண்டுமென்றால் தயங்காமல் அதையே வையுங்கள். இங்கிலீஷ் ஹாலி விதையைத் தபாலில் வாங்க வேண்டாம்.

*

விதையிலிருந்து ஹாலி வளர்க்க மிகுந்த பொறுமை வேண்டும். முளைக்கவே இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகலாம். வருவது ஆணா பெண்ணா என்று பூக்கும் வரை தெரியாது. போத்து நடுவதே வழி. கோடை முடியும்போது அந்த ஆண்டுத் தளிர் பாதி முற்றியிருக்கும். காய்த்த மரத்திலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி, அடியை வேர் ஊக்கித் தூளில் தொட்டு, தென்னைநார்க் கழிவும் பெர்லைட்டும் கலந்த தொட்டியில் குத்த வேண்டும். மேலே பாலிதீன் மூடி, நிழலில் வைக்கலாம். இந்த ஊரின் புழுக்கம் இந்த ஒரு வேலைக்குப் பெரிய உதவி. இரண்டு, மூன்று மாதத்தில் வேர் விடும். யோப்பானுக்கு அதுவும் தேவையில்லை. தாய்ச்செடியின் அடியில் கிளம்பும் கன்றுகளை வேருடன் பெயர்த்து நட்டால் போதும். பெண்ணிலிருந்து எடுத்தது பெண்ணாகவே வரும்.